எனக்குத் துணைக்கு நின்ற ராத்தா

முதன்முதலாக இரத்தம் பட்டது ஒரு நோன்பு மாதத்தில். பின்னேர அஸர் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளூச் செய்யப் போனபோது துணியில் கண்டேன். மாதவிடாய் நின்று பல வருடங்களாகியிருந்தன. மூத்த மகனின் பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்ததே தவிர, பயம் தோன்றவில்லை. நின்றது திரும்பி வந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாதவிடாய் நாட்களில் நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. ஆகவே அன்றைய நோன்பை விட்டேன்.

யுத்தம் முடிந்து, மன்னாருக்குப் போய் எங்கள் பழைய காணியைப் பார்த்துவிட்டு வந்த வருடம் அது. தொண்ணூறில் அங்கிருந்து விரட்டப்பட்டு வந்து தில்லையடியில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் இங்கேயே ஒரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் நஜீம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். மறுநாள் பகலில் நான் குசினியில் நின்று தேத்தண்ணீர் குடிப்பதை அவர் கண்டார்.

"நல்ல வேலை செஞ்ச," என்றார். "சீனி வருத்தத்தோட நோன்பு புடிக்க வேணாம் எண்டு டொக்டர் எத்தின தரம் சொன்னார். இப்பயாவது கேட்டியே."

பிள்ளைகள் யாரும் வந்து பார்த்துவிடக் கூடாது என்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பின்னேரம் எனக்கென்று சீனி போடாத பிஸ்கட் வாங்கி வந்து அலுமாரியில் வைத்தார். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரத்தம் சில நாளில் நின்றது. பெருநாள் கழிந்து மறுபடியும் பட்டது. நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் சீனி கிளினிக்குக்குப் போகும் நாள் வந்தது, போனேன். பெரிய மண்டபம், மேசைக்கு மேசை நெருக்கம், ஒருவருக்கு டொக்டர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். எனக்குக் கிடைத்த டொக்டர் என் மகனைவிட வயது குறைந்த பையன். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, காலில் புண் உண்டா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். என் பின்னால் நின்ற ஆண்களின் வரிசை நீளமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் சீனி வருத்தம் மூக்குக் கண்ணாடி மாதிரி. ஒரு வயது வந்தால் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். உம்மாவுக்கு இருந்தது. ராத்தாவுக்கு வந்தது, பிறகு எனக்கு. அதனால் உடம்பில் எது வந்தாலும் சீனியின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுவோம். தலை சுற்றினால் சீனி. கால் எரிந்தால் சீனி. இரத்தம் பட்டதையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா, ஹாஜரா என்று பெயர். பள்ளிவாசல்துறையில் வாழ்க்கைப்பட்டவர். மச்சான் வள்ளம் வைத்திருந்தார். மாரடைப்பில் மௌத்தானபின் ராத்தா கருவாடு காய வைத்து விற்றுப் பிள்ளைகளைக் கரைசேர்த்தார். கடைசி மகள் ருஷ்தாவுக்குக் கற்பிட்டியில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கருவாட்டுப் பார்சலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். லுஹர் தொழுகை நேரம் இரண்டு பேருக்குமாகப் பாய் விரித்தார். நான் குசினியை விட்டு வரவில்லை.

"ஏன் தொழேல்ல?"

"ஏலாது ராத்தா."

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். தொழுது முடித்துவிட்டு வந்து குசினியில் என் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஏலாது? இந்த வயசில உனக்கு என்ன?"

சொன்னேன். நோன்பு மாதத்தில் தொடங்கியது, நின்று நின்று வருகிறது என்று சொன்னேன். ராத்தா கையிலிருந்த தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார்.

"அது மாசத்து ரத்தம் இல்ல புள்ள. நிண்டு போனது திரும்பி வராது. இது இஸ்திஹாளா, நோய் ரத்தம். இதுக்குத் தொழுகையை விடேலாது. கழுவி, துணி கட்டி, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா உளூச் செஞ்சு தொழோணும்."

"எனக்குத் தெரியாது ராத்தா."

"விட்ட தொழுகையைப் பிறகு களாச் செய்யலாம். நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சீனி டொக்டரிட்ட இல்ல, பொம்பிளை டொக்டரிட்ட. நான் வாறன்."

மத்ரஸாவில் ஓதியவர், அதனால் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சொன்னபடியே அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். பெண் நோய் கிளினிக்கில் எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர், டொக்டர் நோனா என்போம். தமிழ் கொஞ்சம் பேசுவார், முட்டினால் பக்கத்தில் நிற்கும் தாதி மிஸ் எடுத்துச் சொல்வார். சொன்னதைக் கேட்டதும் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முதல் கேள்வியாக, "மாதவிடாய் நின்ற பிறகா?" என்றார். ஓம் என்றேன். அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வைத்தார்.

இந்த ஸ்கேனைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது ஒன்று. பெண்ணுறுப்பின் உள்ளே மெல்லிய குழாய் போன்ற கருவியை வைத்துப் பார்ப்பது மற்றது. எனக்கு இரண்டாவதைச் செய்தார்கள். வலிக்கவில்லை. பெண்தான் செய்தார், திரை மூடியிருந்தது. கருப்பையின் உள்தோல் இந்த வயதில் மெல்லிசாக இருக்க வேண்டும், எனக்குத் தடித்திருந்தது. அந்தத் தோலில் கொஞ்சம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டி எடுத்தார்கள்.

பதில் வரும்வரை காத்திருந்த வாரங்கள்தான் எல்லாவற்றிலும் கடினமானவை. ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். வீட்டில் ஒரே யோசனைதான். நஜீமுக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பிஸ்கட் வாங்கிக் குடுத்தனே, அப்பயாவது சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனவர், வழக்கத்துக்கு மாறாகப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து என்னோடு இருந்து சாப்பிடத் தொடங்கினார். அந்தப் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

பதில் வந்த நாளில் என்னோடு நஜீம் உள்ளே வந்தார். ராத்தா வெளியே ஆட்கள் உட்காரும் வாங்கில் என் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு இருந்தார். கருப்பையின் உள்தோலில் புற்றுநோய் என்றார் டொக்டர். ஆரம்ப நிலை போலத் தெரிகிறது, கருப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சுகமாகும் என்றார். சுகமாகும் என்ற சொல் என் காதில் விழவில்லை. தாதி மிஸ் அதையே தமிழில் மறுபடியும் சொன்னார்.

எனக்கு முதலில் வந்த கேள்வி, "சீனியாலயா இது வந்த?" என்பதுதான்.

டொக்டர் ஒரு வெற்றுத் தாளில் கருப்பையைப் படமாக வரைந்து விளங்கப்படுத்தினார். சீனியால்தான் வந்தது என்று ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது. சீனி வருத்தம் உள்ள அநேகருக்கு இந்த நோய் வருவதில்லை, சீனியே இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆனால் சீனியும் உடம்புப் பருமனும் உள்ள பெண்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எங்களுக்கு வருவது போன்ற சீனி வருத்தத்தில் உடம்பு இன்சுலினை ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை, அதனால் உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. சீனியைக் கட்டுப்படுத்துவதோடு, கலங்களை, அதாவது செல்களை, வளரச் சொல்லும் வேலையும் இன்சுலினுக்கு உண்டு. அதோடு, மாதவிடாய் நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பு பெண் ஹோர்மோனைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து கருப்பைத் தோலை வளர்த்துவிடலாம். மாதாமாதம் கழிந்து போக வழியில்லாததால் அது தடித்துக்கொண்டே போகும். ஈரல், கணையம், பெருங்குடல் போன்ற இடங்களில் வரும் புற்றுநோய்க்கும் சீனிக்கும் இதேபோல ஏதோ தொடர்பு தெரிகிறது என்றும், எது காரணம் எது விளைவு என்று எல்லாவற்றிலும் இன்னும் தெளிவில்லை என்றும் சொன்னார்.

"ஒண்டை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்க," என்றார் தாதி மிஸ், டொக்டர் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு. "மாதவிடாய் நிண்ட பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வந்து காட்டோணும். காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு அக்கா தங்கச்சி இரிக்காங்களா?"

"ராத்தா இரிக்காங்க. வெளியில."

ராத்தாவை உள்ளே கூப்பிட்டார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கும் சீனியா?"

"ஓம் மிஸ்."

"ரத்தம் ஏதும் படுதா?"

"எனக்கு எல்லாம் நிண்டு போய்க் கன காலம்," என்றார் ராத்தா.

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. டொக்டர் தலையாட்டினார். எனக்கு என் நோயைத் தவிர வேறு எதுவும் கேட்கும் நிலை இல்லை. ராத்தா என் தோளில் கை வைத்து, "சுகமாக்கித் தருவாங்க, பயப்படாதே," என்றார்.

சத்திரசிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அரச ஆஸ்பத்திரி என்பதால் அங்கே காசு கேட்கவில்லை. வெளியில் எடுக்கச் சொன்ன பெரிய ஸ்கேனுக்கும், போக்குவரத்துக்கும் நஜீம் கராஜில் தனக்கென்று கட்டி வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளை விற்றார். அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்கள் வாட்டில் ஆண்கள் தங்க முடியாது. என் மருமகளுக்குக் கைப்பிள்ளை. ஆகவே ராத்தாதான் வந்தார். மருதானையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் படுத்து, விடிந்ததும் வாட்டுக்கு வந்து, பார்வையாளர் நேரம் முடிந்து மிஸ்மார் விரட்டும்வரை நின்றார்.

சத்திரசிகிச்சை குறித்த நாளில் நடக்கவில்லை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து, காலையில் விரலில் குத்திப் பார்த்தால் சீனி ஏறியிருந்தது. சீனி ஏறியிருந்தால் காயம் ஆறாது, கிருமி தொற்றும், ஆகவே தள்ளிப் போட்டார்கள். விழுங்கும் குளிசைகளை நிறுத்தி இன்சுலின் ஊசி போட்டுச் சீனியை இறக்கினார்கள். பட்டினி கிடந்தும் ஏன் சீனி ஏறியது என்று நான் அழுதேன். பயத்திலும் ஏறும் என்றார் மிஸ். ராத்தா எங்கேயோ போய்க் குரக்கன் ரொட்டியும் சம்பலும் வாங்கி வந்து, பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். நான் தின்று முடியும்வரை அவர் சாப்பிடவில்லை. பிறகும் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் உடப்பைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். சரசக்கா என்று கூப்பிடுவோம். மார்பில் கட்டி எடுத்திருந்தார்கள். ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். ஒரு பின்னேரம், ராத்தா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், சரசக்கா மெதுவாகச் சொன்னார்.

"உங்கட அக்காவைப் பாத்தீங்களா? கண்ணெல்லாம் வெளிறிக் கிடக்கு. படியேறி வந்தா மூச்சு வாங்கி அந்த மூலையில குந்திட்டுத்தான் இங்க வாறா. ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்க."

ராத்தா வந்ததும் கேட்டேன்.

"கற்பிட்டி ரோட்டு பஸ்ஸில ஏறி இந்தக் கொழும்பு வரைக்கும் வந்து பாரு, ஆரும் வெளிறித்தான் போவாங்க," என்று சிரித்தார். "முழங்கால் நோ புள்ள. அதுதான் குந்திறது."

நான் விட்டுவிட்டேன். ராத்தா மெலிந்திருந்தார், அதையும் கண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். சீனிக்கு வாயைக் கட்டியிருக்கிறா, உடம்பு எப்படி இறங்கியிருக்கு பார் என்று எனக்கே அவரை உதாரணம் காட்டினார் நஜீம்.

இன்னொன்றையும் கண்டேன். ராத்தா என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே துணி விரித்துத் தொழுவார். ஒவ்வொரு வக்துக்கும் குளியலறைக்குப் போய் நீண்ட நேரம் நின்று புதிதாக உளூச் செய்துகொண்டு வருவார். லுஹருக்குச் செய்த உளூ முறியாமல் இருந்தால் அதோடே அஸரும் தொழுவதுதான் எங்கள் வழக்கம். அவரும் முன்பு அப்படித்தான் செய்வார். ஆஸ்பத்திரி அசுத்தம் என்று நினைக்கிறாராக்கும் என்று எண்ணினேன். எனக்கே அவர் சொல்லித் தந்த சட்டத்தை என் கண் முன்னாலேயே அவர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். ராத்தா தொழுகிறார், ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை என்றுதான் என் மனம் சொன்னது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கருப்பையையும் சூலகங்களையும் எடுத்தார்கள். எழும்பிய நேரம் வாய் காய்ந்து, வயிற்றில் கல் வைத்துக் கட்டியது போலக் கிடந்தது. ராத்தா ஈரப் பஞ்சால் என் உதட்டை நனைத்தார். சீனியால் காயத்தின் ஒரு ஓரம் ஆறாமல் விட்டுப்போய், மருந்து கட்டிக் கட்டி ஆற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ராத்தா தன் வீட்டை ருஷ்தாவிடம் விட்டுவிட்டு எங்களோடு தங்கி என் துணிகளைக் கழுவினார். யாரையும் தொடவிடவில்லை. "வேலைக்காரியை வெச்சுக் கழுவிற துணியா இது," என்பார்.

நோய் கருப்பைச் சுவரில் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்ததால், திரும்பி வராமல் இருக்க உள்ளே ஒரு சிறு கருவியை வைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். அது சில தடவை. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், ஆனால் அந்த அறையில் தனியே கிடக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். வெளியே வந்தால் வாங்கில் ராத்தா இருப்பார். அவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் உள்ளே கிடந்தேன்.

நான் சுகப்பட்டேன். விட்ட தொழுகைகளையும் நோன்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் களாச் செய்தேன். ருஷ்தாவின் கலியாணம் நடந்தது. நானும் எழும்பி நின்று பந்தி பார்த்தேன். கலியாண வீட்டில் ராத்தா ஒரு கதிரையில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் வரவேற்றார். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் முடிஞ்சி. இனி நிம்மதி," என்றார்.

அடுத்த வாரமே ருஷ்தா ஃபோன் எடுத்தாள். உம்மா குளியலறையில் விழுந்து கிடக்கிறார், நிலமெல்லாம் இரத்தம் என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரத்தம் ஏற்றினார்கள். என்னைப் பார்த்த அதே டொக்டர் நோனா வந்தார். ராத்தாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்றைக்கு வெளியே பை வைத்துக்கொண்டு இருந்தவர்தானே?"

ஓம் என்றேன்.

எனக்கு எடுத்த அதே படங்களை எல்லாம் ராத்தாவுக்கும் எடுத்தார்கள். எனக்கு விளங்கப்படுத்திய அதே மேசையில் வைத்து எனக்கே விளங்கப்படுத்தினார்கள். கருப்பையைத் தாண்டி வயிற்றிலும் சுவாசப்பையிலும் பரவிவிட்டது. வெட்டி எடுக்க முடியாது. மருந்து கொடுத்துப் பார்க்கலாம், உடம்பு தாங்குமோ தெரியாது என்றார்கள்.

இரத்தம் ஏற்றி முகம் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு காலையில், ராத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய தலையைச் சீவிக்கொண்டே கேட்டேன்.

"எப்ப இருந்து ராத்தா?"

"உனக்கு முந்தியே."

"எனக்கு எவ்வளவு முந்தி?"

"நீ சொன்ன நேரம் எனக்கு வருசம் தாண்டி இரிக்கும்."

சீப்பு என் கையில் நின்றது. ராத்தா மறுபக்கம் பார்த்தபடி பேசினார்.

"மௌலவிட பொண்சாதியிட்டப் போய்த்தான் சட்டம் கேட்டன். தொழுகைக்கு என்ன செய்யோணும் எண்டு கேட்டன். அவ சொல்லித் தந்தா. டொக்டரிட்டக் காட்டுங்க எண்டும் சொன்னா. ருஷ்தாக்கு இடம் பேசிட்டு இருந்தாங்க. உம்மாக்காரிக்கு கேன்சர் எண்டு கதை வந்தா ஆரு பொண்ணு கேட்டு வருவா? அது முடியட்டும் எண்டு இருந்தன்."

"மிஸ் கேட்டாங்களே. உங்களைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்களே."

"உன்ட முகம் அப்ப எப்படி இருந்தது எண்டு உனக்குத் தெரியாது. அந்த நேரம் நானும் ஓம் எண்டு சொல்லியிருந்தா? ரெண்டு பேரையும் நஜீம் எப்படிப் பாப்பார்? நீ படுத்துக் கிடக்கிற நேரம் நானும் படுத்தா உனக்கு ஆரு?"

"என்ட துணியெல்லாம் நீங்கதானே கழுவினீங்க."

"என்டயையும் அதோட சேத்துத்தான் கழுவினன்," என்றார். "உன்ட வீட்டில அது லேசா இருந்தது. ஆருக்கும் சந்தேகம் வரேல்ல."

ராத்தா கையை நீட்டி என் கையிலிருந்த சீப்பை வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்தார்.

"உன்னை அனுப்பினன்தானே," என்றார். "உன்னை நேரத்தோட அனுப்பினன்."

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பு தாங்கவில்லை. சீனி ஒரு நாள் ஏறும், மறுநாள் அடியோடு இறங்கும். கடைசியில் ராத்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பள்ளிவாசல்துறை வீட்டில் நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளியில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்த நேரம் மௌத்தானார். நான்தான் வாயில் தண்ணீர் விட்டேன்.

மையத்து வீட்டுக்கு வந்த பெண்கள் என்ன வருத்தம் என்று கேட்டார்கள். ருஷ்தா கலியாணமாகி அப்போதுதான் சில மாதங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். "சீனி கூடிப் போச்சு," என்று சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அது போதுமான பதில். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பதிலை நான் அன்றைக்குப் பல தடவை சொன்னேன். பிறகு ஊரில் அதுவே நிலைத்துவிட்டது.

நான் இன்னும் பரிசோதனைக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் சுகம் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், அந்த வாங்கைப் பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை. டொக்டர் அன்றைக்கு எனக்கு விளங்கப்படுத்திய ஒவ்வொரு சொல்லும் கதவுக்கு வெளியே இருந்தவருக்குத்தான் கூடத் தேவைப்பட்டது. ராத்தா என்னை விசாரித்த அளவுக்கு அவரை ஒருநாள் தனியாக இருத்தி வைத்து, கண்ணைப் பார்த்து, நான் விசாரிக்கவில்லை. அவர் என்னைக் குசினியில் பலகை போட்டு விசாரித்தாரே, அப்படி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது தெரியாது. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ருஷ்தா பிள்ளைத்தாய்ச்சியானாள். முதல் மாதங்களிலேயே சீனி கொஞ்சம் கூடக் காட்டுகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவளுக்கு உம்மா இல்லை என்பதால் அடுத்த தடவை நான் கூடப் போனேன். மரத்தடி வாங்குகளில் கற்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மிட்வைஃப் மிஸ் தாய்மார் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பத்து வருத்தங்களைக் கேட்டார்.

"உம்மாவுக்குச் சீனி இருந்ததா?"

"ஓம்."

"உம்மா இரிக்காங்களா?"

"மௌத்து."

"என்னத்தில மௌத்தானாங்க?"

ருஷ்தா என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்து, "சீனியால," என்றாள்.

மிஸ் எழுதத் தொடங்கினார்.

"இல்ல மிஸ்," என்றேன். "கருப்பைப் புற்றுநோயில. சீனியும் இருந்த. எனக்கும் ரெண்டும் வந்தது, நான் தங்கச்சி. எனக்கு நேரத்தோட பாத்தாங்க, அவங்களுக்குப் பாக்கேல்ல. அப்படியே எழுதுங்க."

வாங்குகளில் பேச்சு நின்றது. மிஸ் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதியதை வெட்டி, புதிதாக எழுதினார். ருஷ்தாவின் முகம் சிவந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கன தூரம் அவள் என்னோடு பேசவில்லை. தலவில சந்தி தாண்டிய பிறகுதான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"சாச்சி, நான் என்னத்தையெல்லாம் கவனிச்சுக்கொள்ளோணும்?"

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சீனியைப் பற்றியும், உடம்பைப் பற்றியும், இரத்தத்தைப் பற்றியும். முன் இருக்கையில் இருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.